வாசித்துக் காட்டாத ஒரு பெயர்

போன மாதம் ஒரு பெண் நிருபர் போனில் கூப்பிட்டாள். முகம் பார்த்ததில்லை. இப்போது எங்கள் தொழிலில் யாரும் யாரையும் முகம் பார்ப்பதில்லை. ஆபீஸ் கிடையாது, மேசை கிடையாது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் எந்த ஊரிலிருந்தோ திருத்துகிறார். "ஊ மணி, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பேர் சொல்லப் பயப்படறவங்களுக்கு மாத்துப் பேர் எப்படி வெக்கறது?" என்றாள். 'ஊ' என்பது எங்கள் ஊரில் மரியாதைச் சொல்.

சின்னக் கேள்விதான். ஆனால் பதில் போனில் அடங்காது. எழுதி அனுப்புகிறேனம்மா என்று சொல்லி வைத்துவிட்டேன். இதுதான் அந்தப் பதில். கொஞ்சம் நீளம். நான் வளவளவென்று பேசுகிறவன் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் யாருக்கும் சொந்தப் பெயர் இல்லை. எனக்கும் இல்லை. ஒரு ஊரும் ஒரு பாலமும் வரும். எது என்று கேட்காதீர்கள். ரங்கூனைச் சுற்றி ஆறுகளுக்கும் பாலங்களுக்கும் பஞ்சமில்லை. பர்மிய மொழியில் பேசியதையெல்லாம் நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

நான் நிருபராகப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது எனக்கு வயது நாற்பத்தேழு. அதற்கு முன்னால் ரங்கூனில் லத்தா பேட்டையில் ஒரு அச்சகத்தில் இருபத்தாறு வருஷம். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சீனக் கடைகளின் பில் புத்தகம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. தமிழை நோட்டீசில் படித்தேன், பர்மியத்தை மருந்துப் பெட்டியில் படித்தேன். எங்கள் மாடியில் ஒரு செய்தி நிறுவனம் குடிவந்தது. இனத்தின் பேரால், ரத்தத்தின் பேரால், தோலின் நிறத்தால் ஒருவருக்கு நடக்கும் அநியாயத்தை மட்டும் எழுதுவோம் என்று ஆறு பேர் சேர்ந்து தொடங்கியது. அப்போது ராணுவம் பிடியைத் தளர்த்தி, நாட்டில் ஜன்னல் கொஞ்சம் திறந்திருந்த காலம்.

அதன் ஆசிரியர் மா நூ என்ற பெண்மணி ஒருநாள் துண்டறிக்கை அச்சடிக்க வந்தார். அதில் 'மக்கள் சொல்கிறார்கள்' என்று ஒரு வரி. "எந்த மக்கள்?" என்று கேட்டேன். சும்மா வாயைக் கிண்டத்தான் கேட்டேன். அவர் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். மறுநாள் அந்த வரியில் இரண்டு பேரின் பெயரும் தெருவும் இருந்தன. அச்சக முதலாளி இறந்து மிஷின்களை விற்றபோது, மாடிக்கு வருகிறீர்களா என்று மா நூதான் கேட்டார்.

என்னோடு பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டு பெண்களுக்கும் இருபத்திரண்டு வயது. மா நூவுக்கே முப்பத்திநாலுதான். வயதில் பெரியவன் என்பதால் என்னை எல்லோரும் 'ஊ' போட்டு மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அதனால் வெளியிலிருந்து வருகிறவர்கள் என்னைத்தான் ஆசிரியர் என்று நினைத்துக் கும்பிடுவார்கள். மா நூவிடம் தேநீர் கேட்பார்கள். அவர் தேநீர் கொடுப்பார். பிறகு அவர்கள் எதிரிலேயே என் கட்டுரையை எடுத்துச் சிவப்பு மையில் அடிப்பார்.

மா நூ குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவரிடம் ஒரு இரும்பு ஸ்கேல் இருந்தது. நாம் எழுதிக் கொடுத்ததை மேசையில் விரித்து, முதல் வரிக்குக் கீழே ஸ்கேலை வைப்பார். படிப்பார். அடுத்த வரிக்கு நகர்த்துவார். ஸ்கேல் எங்கே நிற்கிறதோ அங்கே நமக்கு வியர்க்கும். ஒவ்வொரு வரிக்கும் நாலு கேள்வி. இதை யார் சொன்னது? அவர் எங்கே நின்று பார்த்தார்? இது வெளியே வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்? அது அவருக்குத் தெரியுமா?

நாலாவது கேள்விக்கு வழி ஒன்றுதான். எழுதியதை எடுத்துக்கொண்டு சொன்னவரிடம் திரும்பிப் போய், எதிரே உட்கார்ந்து, முழுவதும் வாசித்துக் காட்ட வேண்டும். போனில் கூடாது. சுருக்கிச் சொல்லக் கூடாது. அவர் வேண்டாம் என்கிற வரி வராது. மற்ற பத்திரிகைக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். "நீங்க செய்தி எழுதறீங்களா, கையெழுத்து வாங்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார். மா நூ, "அவங்க அங்கதான் குடியிருக்காங்க. நாம பஸ் ஏறி வந்துடறோம்" என்றார்.

வாசித்துக் காட்டப் போவது எனக்குப் பிடித்த வேலை. ஒரு பானைச் சூளையில் வேலை செய்யும் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் போனேன். பேரனைப் பள்ளியில் 'கலா' என்று கூப்பிடுகிறார்கள் என்று சொல்லியிருந்தார். நம் பக்கத்தில் அது பெண் பெயர். எங்கள் ஊரில் இந்திய ரத்தம் உள்ளவர்களைத் திட்டும் சொல். முழுக்க வாசித்தேன். அவர் களிமண் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நான் சொன்னது இதேதான் தம்பி. ஒரு எழுத்து கூடல, குறையல. ஆனா நான் சொன்னதா இருக்க வேண்டாம்" என்றார். அந்தக் கட்டுரை வரவேயில்லை. அவர் சொன்ன அந்த வாக்கியத்தை மட்டும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்படி மனிதர்கள் சொன்னது நோட்டு நோட்டாக என்னிடம் இருந்தது. ராணுவம் ஆட்சியை எடுத்த பிறகு பாதியை எரித்தேன்.

இப்போது அந்தக் கட்டுரைக்கு வருகிறேன்.

எங்கள் நாட்டில் அடையாள அட்டையில் இனம், மதம் என்று இரண்டு வரி உண்டு. ஒரே இனம் என்றால் ஒரு வரிசையில் நிற்பீர்கள். அப்பா ஒரு இனம், அம்மா ஒரு இனம், அதில் ஒன்று இந்தியா என்றால் வேறு வரிசை. கலப்பு ரத்தம் என்று அதற்குப் பெயர். அந்த வரிசை மெதுவாக நகரும். பல பேருக்கு நகரவே நகராது. அந்த வரிசையைப் பற்றி எழுதி வா என்று மா நூ என்னை அனுப்பினார். பயிற்சி முடிந்து நான் தனியாக எழுதப்போகும் முதல் பெரிய கட்டுரை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் ஒரு ஆரம்பப் பள்ளி ஆசிரியையைச் சந்தித்தேன். டீச்சரை எங்கள் ஊரில் ஸயாமா என்பார்கள், அப்படியே சொல்கிறேன். அவளுடைய அப்பா தமிழர், துறைமுகக் கூலிக்காரரின் பேரன், அப்போதே காலமாகிவிட்டார். அம்மா பர்மியர். அவளுக்குப் பத்து வயதில் அட்டை எடுத்தபோது அப்பா ஒரு குமாஸ்தாவின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, இனம் என்ற இடத்தில் பர்மியர் என்றே எழுத வைத்துவிட்டார். அதனால் படித்தாள், அரசு வேலை கிடைத்தது. தம்பியின் முறை வந்தபோது குமாஸ்தா மாறிவிட்டார். புது குமாஸ்தா பையனின் மூக்கையும் நிறத்தையும் பார்த்து 'இந்தியா, பர்மியர்' என்று எழுதினார். அட்டை வரவில்லை. பத்தொன்பது வயதுப் பையன் பரீட்சை எழுத முடியாமல், பஸ் ஏறி வேறு ஊரில் ஒரு நாள் தங்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"ஒரே வயித்துல பொறந்தோம் ஊலே" என்றாள். ஊலே என்றால் சித்தப்பா முறை. "நான் ஒரு ஜாதி, அவன் ஒரு ஜாதி. சோத்துத் தட்டு மட்டும் ஒண்ணு." பேர் போடக் கூடாது, பள்ளி சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது என்றாள். தம்பிக்கு நடப்பது மட்டும் வெளியே வந்தால் போதும் என்றாள். சரி என்றேன்.

எழுதினேன். எடுத்துக்கொண்டு போனேன். பள்ளி விட்டதும் அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து முழுக்க வாசித்துக் காட்டினேன். பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும் 'இவர்' என்று வாசித்தேன். பெயர் இன்னும் வைத்திருக்கவில்லை. ஒரு வரி நீக்கச் சொன்னாள், நீக்கினேன். திரும்பி வந்து மாற்றுப் பெயராக மா நூ சொன்ன பர்மியப் பெயர் ஒன்றைப் போட்டேன். பாதி ஊருக்கு அந்தப் பெயர் இருக்கும்.

போட்டுப் படித்துப் பார்த்தேன். உயிரில்லை. எந்தத் தெருவிலும் இருக்கக்கூடிய ஒரு மா ஆயே. நம் ஜனங்கள் படித்தால் தங்கள் வீட்டுப் பெண் என்று நினைக்க வேண்டாமா? எங்கள் ஆட்களுக்கு எப்போதுமே இரண்டு பெயர். அட்டையில் பர்மியப் பெயர், வீட்டில் தமிழ்ப் பெயர். அவள் அம்மா உள்ளேயிருந்து அவளைத் தமிழ்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். அப்பா வைத்த பெயர். அது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. எந்த அதிகாரிக்கும் தெரியாது. அட்டையில் இல்லாத பெயர் மாற்றுப் பெயர்தானே என்று என் புத்தி சொன்னது. அதைப் போட்டேன். கட்டுரை சட்டென்று எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

மா நூவின் ஸ்கேல் அந்த வரியில் நின்றது. "இது வெச்ச பேர்தானே?" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது. "எந்த ரெஜிஸ்டர்லயும் இல்லாத பேர்" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஸ்கேல் கீழே இறங்கியது.

கட்டுரை வந்த மூன்றாம் நாள், யாரோ அதைப் பேஸ்புக்கில் எடுத்துப் போட்டு, எங்க வார்டு ஸயாமாதானே இது, கலாவா இவ, என்று எழுதினார்கள். ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தேன். அவள் சிறுமியாக இருந்த வருஷமெல்லாம் அப்பா தினமும் சாயங்காலம் வாசலில் நின்று அந்தப் பெயரைக் கூவித்தான் மகளை விளையாட்டிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். தெருவுக்கே தெரியும். வார்டு ஆபீஸ் எழுத்தர் இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்.

மா நூ கட்டுரையை எங்கள் இணையதளத்திலிருந்து உடனே எடுத்தார், அதற்குள் ஒரு பேப்பர் அதை அச்சடித்திருந்தது. என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார்.

"அந்தப் பேர எங்கிருந்து எடுத்தீங்க ஊ மணி?"

"வீட்டுல கூப்பிடற பேரு."

"அவங்களுக்கு வாசிச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"அந்தப் பேரோட வாசிச்சீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேலையை விட்டுப் போகிறேன் என்றேன். "போய் என்ன பண்ணுவீங்க? வீட்டுல உக்காந்து வருத்தப்படுவீங்க. அவங்க அந்த ஆபீசுக்குத் தனியா போகணும். நீங்க கூடப் போங்க" என்றார்.

போனேன். முதல் நாள் அவள் வீட்டு வாசலில் நின்று, அந்தப் பெயரைப் போட்டது நான்தான், கேட்காமல் போட்டேன் என்று சொன்னேன். "தெரியும் ஊலே. வேற யாருக்குத் தெரியும்?" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவிடம் மட்டும் நான் யார் என்று சொல்ல வேண்டாம் என்றாள். அப்பாவின் கோயில் சிநேகிதர் என்று சொல்லிவிட்டாள்.

அந்த அலுவலகத்துக்கு எத்தனை தடவை போனோம் என்று எண்ணவில்லை. வார்டு கடிதம், குடும்பப் பட்டியல், தாத்தாவின் பழைய அன்னியர் பதிவுச் சீட்டு. ஒவ்வொன்றும் கொண்டு போனால் அடுத்தது கேட்பார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. இதுதான் எனக்கு இன்றைக்கும் ஜீரணமாகவில்லை. நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, அவள் கையில் அட்டையை வாங்கி மேசை டிராயரில் வைத்தார்.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல ஸயாமா. உங்க அப்பாவையும் தெரியும்" என்றார். "ஆனா பேப்பர்ல வந்துருச்சு. தம்பி கலப்பு, அக்கா பர்மியர்னு அச்சுல இருக்கு. வராம இருந்தா நானும் பாக்காம இருந்திருப்பேன்."

அட்டைக்குப் பதில் ஒரு ரசீது கொடுத்தார். போட்டோ இல்லாத, முத்திரை மங்கிய ஒரு சீட்டு. விசாரணை முடியும்வரை அதுதான் அட்டை. பள்ளியிலிருந்து விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார்கள். விசாரணை முடியவில்லை. ராணுவம் ஆட்சியை எடுத்தது. அதிகாரி மாற்றலாகிப் போனார். ஃபைல் எங்கே என்று கேட்டால் எந்த ஃபைல் என்றார்கள். எங்கள் நிறுவனமும் ஒரே வாரத்தில் மூடியது. மா நூ நாட்டைவிட்டுப் போய்விட்டார். எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் நான் சொல்ல முடியாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் அதோடு ஓய்வு. தம்பி எந்தச் சீட்டும் இல்லாமல் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போனான். ஸயாமா வீட்டிலேயே நாலைந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். நான் மாதம் ஒரு முறை பாலம் தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவளால் இந்தப் பக்கம் வர முடியாது. பாலத்தில் சோதனை, அந்த ரசீதைக் காட்டினால் வண்டியைவிட்டு இறக்கிவிடுவார்கள். ஒருமுறை இறக்கி, ஒரு பகல் முழுக்க உட்கார வைத்தார்கள். அதற்குப் பிறகு அவள் முயற்சி செய்யவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு காலை கூப்பிட்டாள். அம்மாவுக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. ரங்கூன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தர்ம ஆம்புலன்ஸ் கிடைத்திருக்கிறது.

"ஊலே, பாலத்துக்கு உங்க பக்கம் வந்து நிக்க முடியுமா?"

நின்றேன். மழை. வண்டி வந்து நின்றதும் பின்கதவைத் திறந்து ஏறினேன். அம்மா மட்டும் படுத்திருந்தார். பாலத்துக்கு அந்தக் கோடியில் மகள் இறங்கியிருக்கிறாள். டிரைவர், "அந்தப் பொண்ணு வண்டி கிளம்பற வரைக்கும் அம்மா காலப் பிடிச்சிட்டிருந்துச்சு" என்றார். விழுந்த காலா, மற்றதா என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன உறவு என்று கேட்டார்கள். தம்பி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் ஆஸ்பத்திரிகளில் கூட ஒரு ஆள் இருந்தாக வேண்டும். மருந்து வாங்க, துடைக்க, புரட்டிப் போட. பதினொரு நாள் இருந்தேன். அம்மாவுக்கு வாய் ஒரு பக்கம் கோணியிருந்தாலும் பேச்சு இருந்தது. தினமும் அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் கூப்பிடும்போது வாசித்துக் காட்டினேன். "சுருக்காதீங்க ஊலே. எல்லாத்தையும் படிங்க" என்பாள். கஞ்சியில் உப்பு இல்லை என்று சொன்னார். பக்கத்துக் கட்டில்காரி குறட்டை விடுகிறாள் என்றார். வீட்டுக் கூரையில் கிழக்குப் பக்கம் ஒழுகும், பாத்திரம் வைக்கச் சொல் என்றார். அவள் அங்கே சிரிப்பது கேட்கும். சில நாள் அழுவதும் கேட்கும்.

ஒன்பதாம் நாள் மதியம் கால் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புருஷனிடம் கற்றுக்கொண்ட தமிழில் கொஞ்சமும், பர்மியத்தில் மீதியுமாகச் சொன்னார்.

"என் பொண்ணப் பத்தி எழுதினானே ஒருத்தன், தம்பி. அவனுக்கும் ஒரு அம்மா இருந்திருப்பா. அவ சாகும்போது அவன் பக்கத்துல இருந்திருப்பான்."

நான் துணியைப் பிழிந்தேன். என் அம்மா லத்தாவில் என் மடியில்தான் இறந்தார். ஆமாம்மா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு நோட்டை விரித்தேன். அந்த இடத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன். தாண்டினால் யாருக்கும் தெரியாது. ரெஜிஸ்டரில் இல்லாத பெயர் என்று ஒருகாலத்தில் சொன்ன அதே வாய் இது. எழுதியிருந்தபடி வாசித்தேன்.

"அது நீங்கதான்னு சொன்னீங்களா?" என்றாள்.

"இல்லம்மா."

"நான்தான் சொல்ல வேண்டாம்னேன். இப்ப சொல்றேன். நாளைக்குச் சொல்லிடுங்க. யார் தொடச்சுவிட்டாங்கன்னு தெரியாம அவங்க போகக் கூடாது."

மறுநாள் காலையில் அம்மாவுக்கு நினைவு தவறியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். நான் காதருகே குனிந்து சொன்னேன். அந்தக் கட்டுரையை எழுதியது நான்தான், உங்கள் வீட்டுக்காரர் வைத்த பெயரைக் கேட்காமல் எடுத்தேன் என்று பர்மியத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை. நர்ஸ் வந்து, என்ன மந்திரமா என்று கேட்டாள்.

சாயங்காலம் மகள், "கேட்டாங்களா ஊலே?" என்றாள்.

"தெரியல. கண்ணத் திறக்கல, விரல் அசையல. நான் சொன்னேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

"சரி. அப்படியே எழுதிக்கோங்க" என்றாள்.

என்னைக் கேள்வி கேட்ட பெண்ணே, இதை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் பாலம் தாண்டிப் போய் அவளுக்கு வாசித்துக் காட்டினேன், ஒவ்வொரு பெயரோடும். இரண்டு இடத்தில் நீக்கச் சொன்னாள், நீக்கியிருக்கிறேன். மாற்றுப் பெயரை நாம் வைக்கக் கூடாது. அவர்களையே வைக்கச் சொல்ல வேண்டும். வைத்த பிறகு அந்தப் பெயரோடு இன்னொரு முறை வாசிக்க வேண்டும். நீ கேட்டதற்கு இவ்வளவுதான் பதில்.

அம்மா பதினொன்றாம் நாள் மதியம் போனார். சுடுகாட்டில் நானும் ஆம்புலன்ஸ் டிரைவரும் இரண்டு பிக்குகளும் இருந்தோம். மகள் பார்க்க நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். லைன் இரண்டு முறை அறுந்தது. இரண்டு முறையும் அவள்தான் திரும்பக் கூப்பிட்டாள்.